தூக்கணாங்குருவியின் இரகசியம் அறிந்த சலீம் அலி

மழையில் நனைந்து நடுங்கிய குரங்குக்குப் புத்தி சொல்லப் போய், தன் கூட்டையே இழந்து நின்ற தூக்கணாங்குருவியின் கதையை நாம் சிறு வகுப்பிலேயே படித்திருக்கிறோம். தகுதியில்லாதவருக்கு அறிவுரை கூறலாகாது என்பது அக்கதை தரும் நீதி. ஆனால் அந்தக் கூட்டைக் கட்டியது ஆண் குருவியா, பெண் குருவியா? ஒரே மரத்தில் பத்து, இருபது கூடுகள் தொங்க, அவற்றுள் சில மட்டும் பாதியிலேயே நிற்பது ஏன்? இக்கேள்விகளை நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

இவற்றுக்கு விடை காண்பதற்காக ஒருவர், வேலையிழந்து நின்ற தம் வாழ்வின் சோதனைக் காலத்தில், ஒரு மழைக்காலம் முழுவதும் குருவிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். உலகம் அவரை இந்தியாவின் பறவை மனிதர் என்று போற்றுகிறது. அவரே டாக்டர் சலீம் அலி. அவர்தம் வாழ்க்கை, பள்ளி மாணவியராகிய நமக்கு ஒரு நல்ல பாடம்.

பிறப்பும் இளமையும்

சலீம் அலி 1896ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 12ஆம் நாள் பம்பாய் நகரில் பிறந்தார். பெரிய குடும்பத்தின் கடைக்குட்டி அவர். ஒரு வயதில் தந்தையை இழந்தார். மூன்று வயதில் தாயையும் இழந்தார். பெற்றோர் முகம் அறியாத அக்குழந்தையைத் தாய்மாமன் அமீருத்தீன் தையப்ஜியும், பிள்ளைப்பேறு இல்லாத அவர் மனைவி ஹமீதா பேகமும் தங்கள் சொந்தப் பிள்ளையாகவே வளர்த்தனர்.

தொடக்கக் கல்வியை அவர் பயின்றது, கிறிஸ்தவ ஊழியர்கள் பம்பாயில் நடத்தி வந்த ஒரு பெண்கள் பள்ளியில்! தம் தமக்கையர் இருவருடன் அவரும் அங்கே சென்று படித்தார். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற அறிஞர் பெண்கள் பள்ளியில் பாடம் கற்றவர் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தியன்றோ?

மாமா அமீருத்தீன் வேட்டையில் விருப்பம் உள்ளவர். ஆகவே சிறுவன் சலீமுக்கும் ஒரு சிறு காற்றுத் துப்பாக்கி கிடைத்தது. அதைக் கொண்டு சிட்டுக்குருவிகளைச் சுடுவது அவனுக்குப் பொழுதுபோக்கு. குதிரை லாயத்தில் ஒரு பெண் சிட்டு பொந்தில் முட்டையிட்டு அடைகாத்தது. ஆண் சிட்டு வெளியே காவல் இருந்தது. சலீம் அந்த ஆணைச் சுட்டான். சிறிது நேரத்தில் வேறோர் ஆண் சிட்டு வந்து அதே இடத்தில் அமர்ந்தது. அதையும் சுட்டான். இப்படியே ஏழு நாட்களில் எட்டு ஆண் சிட்டுகளைச் சுட்டான். ஒவ்வொரு முறையும் புதிய துணை ஒன்று வந்து சேர்ந்ததைச் சிறு குறிப்பாக எழுதியும் வைத்தான்.

எட்டு உயிர்கள் மடிந்தது வருந்தத்தக்க செயலே. எனினும் அந்தக் குறிப்பில் ஒரு விஞ்ஞானியின் கண் இருந்தது என்பதை மறுக்க முடியாது. தாம் கண்டதை மறவாமல் எழுதி வைக்கும் பழக்கம் அவருக்கு இயல்பாகவே அமைந்திருந்தது.

வாழ்வைத் திருப்பிய சிட்டு

ஒருநாள் அவன் சுட்டு வீழ்த்திய சிட்டின் தொண்டையில் மஞ்சள் நிறத் திட்டு ஒன்று இருந்தது. மற்றச் சிட்டுகளைப் போல் இது இல்லையே! மார்க்க முறைப்படி இதை உண்ணலாமா, கூடாதா? சிறுவன் மாமாவிடம் கேட்டான். மாமாவுக்கும் தெரியவில்லை. அவர் ஓர் அறிமுகக் கடிதம் எழுதிக் கொடுத்து, அவனைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். 1883ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அக்கழகத்தின் கௌரவச் செயலாளராக அப்போது இருந்தவர் மில்லார்டு என்னும் ஆங்கிலேயர்.

கையில் செத்த குருவியோடு அச்சத்துடன் வாசலில் நின்ற சிறுவனை மில்லார்டு விரட்டவில்லை. அன்புடன் உள்ளே அழைத்தார். அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று விளக்கினார். அலமாரிகளைத் திறந்து, பதப்படுத்தி வைக்கப்பட்டிருந்த பறவைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். படிக்கப் புத்தகங்களும் கொடுத்தார். அந்த ஒரு நாளில் சலீமின் மனத்தில் விழுந்த விதைதான் பின்னர் ஆலமரமாய் வளர்ந்தது. பெரியவர் ஒருவர் ஒரு குழந்தையின் கேள்விக்குப் பொறுமையுடன் விடை சொன்னதன் பயன் எத்துணைப் பெரிது!

படிப்பில் தடுமாற்றம்

சலீம் அலி வகுப்பில் முதல் மாணவர் என்று நினைத்துவிட வேண்டாம். பதின்மூன்று வயதளவில் ஓயாத தலைவலி அவரை வாட்டியது. பள்ளிக்குச் செல்வது அடிக்கடி தடைப்பட்டது. 1913இல் மெட்ரிகுலேஷன் தேர்வில் தட்டுத் தடுமாறியே தேறினார். தூய சவேரியார் கல்லூரியில் சேர்ந்தும், கணக்குப் பாடம் அவருக்கு எட்டிக்காயாய்க் கசந்தது. முதல் ஆண்டுடன் படிப்பை விட்டுவிட்டு, பர்மாவின் தவாய் பகுதியில் குடும்பத்தார் நடத்திய சுரங்கத் தொழிலைக் கவனிக்கச் சென்றார். அங்கும் தொழிலைவிடக் காட்டுப் பறவைகளே அவர் மனத்தைக் கவர்ந்தன.

1917இல் பம்பாய் திரும்பினார். வணிகச் சட்டமும் கணக்கியலும் பயிலத் தொடங்கினார். அவரது உண்மையான ஆர்வம் எதில் என்பதைக் கண்டுகொண்டவர் தூய சவேரியார் கல்லூரியில் பணியாற்றிய இயேசு சபைக் குரு எத்தல்பர்ட் பிளாட்டர் அடிகளார். சுவிட்சர்லாந்து நாட்டில் பிறந்து இந்தியாவில் பணிபுரிந்த அவர் சிறந்த தாவரவியல் அறிஞர். அடிகளாரின் தூண்டுதலால் சலீம் அலி அதே கல்லூரியில் விலங்கியல் பயின்றார். 1918ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் தெஹ்மினா பேகத்தை மணந்தார்.

விலங்கியல் பயின்றாரேயன்றி, முறையான பல்கலைக்கழகப் பட்டம் அவரிடம் இல்லை. இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் பறவையியலார் பதவி காலியானபோது, பட்டம் இல்லாத காரணத்தால் அது அவருக்குக் கிட்டவில்லை. 1926இல் பம்பாய் வேல்ஸ் இளவரசர் அருங்காட்சியகத்தில், பார்வையாளருக்கு விளக்கம் கூறும் விரிவுரையாளர் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் 350 ரூபாய். ஆனால் அவருக்குக் கற்கும் ஆவல் தணியவில்லை. 1928இல் விடுமுறை பெற்று ஜெர்மனி சென்றார். பெர்லின் விலங்கியல் அருங்காட்சியகத்தில் எர்வின் ஸ்ட்ரெசமான் என்னும் பேரறிஞரைக் குருவாகக் கொண்டு பயின்றார். பறவைகளின் காலில் வளையமிட்டு அவற்றின் பயணத்தை அறியும் முறையையும் அந்நாட்டில் கற்றார்.

1930இல் தாயகம் திரும்பியவருக்கு அதிர்ச்சி காத்திருந்தது. பணமில்லை என்று கூறி அவரது பதவியையே நீக்கியிருந்தார்கள்!

கிகிம் கிராமத்து மழைக்காலம்

கையில் வேலையில்லை, வயதோ முப்பத்து மூன்று. வேறொருவராயின் மனம் ஒடிந்திருப்பார். சலீம் அலியும் தெஹ்மினாவும் பம்பாய்த் துறைமுகத்துக்கு அப்பால், அலிபாக் அருகே உள்ள கிகிம் என்னும் கடலோரச் சிற்றூருக்குக் குடிபோயினர். அங்கே தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டத் தொடங்கியிருந்தன. வேலையில்லாத மனிதருக்கு நேரத்துக்கா குறைவு? நாள்தோறும் அவற்றை உற்று நோக்கினார், கண்டதையெல்லாம் குறித்தார்.

அதுவரை பலர் என்ன எண்ணியிருந்தனர்? ஆணும் பெண்ணும் சேர்ந்து ஒரு வீடு கட்டுகின்றன என்றும், பாதியில் நிற்கும் கூடுகள் ஆண் குருவி மழைக்கு ஒதுங்கவும் ஊஞ்சலாடவும் கட்டிக்கொண்டவை என்றும் எண்ணினர். சலீம் அலி கண்டதோ வேறு.

மழைக்காலம் தொடங்கியதும் ஆண் குருவியின் தலையும் மார்பும் பளிச்சென்று மஞ்சளாகின்றன. முகத்தில் கரும்பழுப்பு நிறம் படிகிறது. பெண் குருவியோ எப்போதும் போல் ஊர்க்குருவி நிறத்திலேயே இருக்கிறது. கூடு கட்டும் வேலை முழுவதும் ஆணுடையது. நெல், கரும்பு முதலியவற்றின் இலையிலோ தென்னை, பனை ஓலையிலோ அலகால் ஒரு வெட்டுப் போட்டு, அப்படியே பிடித்துப் பறந்து நீண்ட நாராகக் கிழிக்கிறது. அந்த நாரைக் கிளை நுனியில் சுற்றி, முடிச்சுப் போட்டு, பின்னிப் பின்னி முதலில் ஒரு வளையம் அமைக்கிறது. வளையம் வளர்ந்து கவிழ்த்த தலைக்கவசம் போன்ற உருவம் பெறுகிறது. அந்நிலையில் ஆண் வேலையை நிறுத்திவிடுகிறது.

அப்போது பெண் குருவிகள் கூட்டமாக வருகின்றன. ஆண் குருவிகள் எல்லாம் தத்தம் கூட்டில் தொங்கியபடி சிறகடித்துக் கூவி அழைக்கின்றன. பெண் குருவி ஒவ்வொரு கூட்டிலும் நுழைந்து, அலகால் இழுத்துப் பார்த்துச் சோதிக்கிறது. பிடித்தால் தங்குகிறது, பிடிக்காவிட்டால் பறந்துவிடுகிறது. பாதியில் நிற்கும் கூடுகளின் இரகசியம் இதுதான்! அவை பெண் குருவியின் ஒப்புதல் பெறாத கூடுகள்.

பெண் ஒரு கூட்டை ஏற்றுக்கொண்ட பிறகே, ஆண் முட்டை அறையை முடித்து, கீழ்நோக்கித் தொங்கும் நீண்ட குழாய் வாயிலையும் பின்னுகிறது. ஒரு கூடு முழுமை பெறப் பதினெட்டு நாட்கள் வரை ஆகும். நார் கொண்டு வருவதற்காக மட்டும் அந்தச் சிறு பறவை ஏறத்தாழ 500 முறை பறக்கிறது. பெண் இரண்டு முதல் நான்கு வெள்ளை முட்டைகள் இடுகிறது. 14 முதல் 17 நாட்கள் தனியே அடைகாக்கிறது. குஞ்சுகள் பொரித்து ஏறக்குறைய 17 நாட்களில் கூட்டை விட்டுப் பறக்கின்றன.

அதற்குள் ஆண் என்ன செய்கிறது? முதல் கூட்டில் பெண் முட்டையிட்டதும், அது அருகிலேயே இரண்டாம் கூட்டைத் தொடங்கிவிடுகிறது. வேறொரு பெண் வந்து அதை ஏற்றால், மூன்றாவது கூடு! இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாகப் பல குடும்பங்கள் அமைப்பதே அப்பறவையின் இயற்கை என்பதைச் சலீம் அலி முதன்முதலாகத் தெளிவாக விளக்கினார். மனிதருக்குரிய நீதியைக் கொண்டு பறவையை அளப்பது முறையன்று. மழை பெய்து, தானியமும் பூச்சியும் மலிந்திருக்கும் சில மாதங்களுக்குள் எத்தனை குஞ்சுகளை வளர்க்க முடியுமோ அத்தனையும் வளர்வதற்கு இது இயற்கை வகுத்த வழி.

இந்த ஆராய்ச்சிக் கட்டுரை 1931இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. வேலையில்லாத நாட்களில் எழுதிய அக்கட்டுரையே அவருக்குப் பறவையியல் உலகில் பெயர் தேடித் தந்தது.

நம் ஊர்க் கிணற்றங்கரையில்

கிகிம் கிராமம் நமக்குத் தொலைவாக இருக்கலாம். ஆனால் தூக்கணாங்குருவி தொலைவில் இல்லை. நம் பாடாலூர்ப் பக்கம் பெரும்பாலும் கிணற்றை நம்பிய வேளாண்மை. திருச்சி–சென்னை நெடுஞ்சாலையை விட்டுச் சற்று உள்ளே நடந்தால், சோளக் கொல்லையும் பருத்திக் காடும் வெங்காய வயலும் வரும். கிணற்று மேட்டுப் பனையிலும், கிணற்றுக்குள் சாய்ந்த முள்மரக் கிளையிலும் கூடுகள் தொங்குவதைக் காணலாம். கீழே தண்ணீர், மேலே முள். பாம்பும் காகமும் எளிதில் நெருங்க இயலாது. தென்மேற்குக் காற்றின் வேகம் தாக்காதபடி மரத்தின் கிழக்குப் பக்கத்தில் கூடு கட்டுவதும் இப்பறவையின் வழக்கம். எவ்வளவு நுட்பமான அறிவு!

தூக்கணாங்குருவி களிமண்ணில் மின்மினியை ஒட்டிக் கூட்டுக்கு விளக்கேற்றும் என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். களிமண் உருண்டை கூட்டினுள் இருப்பது உண்மையே. ஆனால் அது விளக்குக்காக என்பதற்குச் சான்று இல்லை. காற்றில் கூடு மிகுதியாக ஆடாமல் இருக்க அது உதவும் என்பது சிலர் கருத்து. கேட்டதை அப்படியே நம்பாமல், போய்ப் பார்த்துத் தெளிவதே சலீம் அலி காட்டிய வழி.

அயராத உழைப்பு

கிகிமுக்குப் பிறகு அவர் ஓயவில்லை. ஹைதராபாத், கொச்சி, திருவிதாங்கூர், குவாலியர், இந்தூர், போபால் முதலிய சமஸ்தானங்களில் காடு மேடெல்லாம் நடந்து பறவைகளைக் கணக்கெடுத்தார். மாட்டு வண்டியிலும் கூடாரத்திலும் கழிந்த அக்கடின வாழ்க்கையில் தெஹ்மினாவும் உடன் பங்குகொண்டார். குமாவுன் மலையடிவாரத்தில், மறைந்துபோனதோ என்று ஐயுற்றிருந்த வேறொரு வகைத் தூக்கணாங்குருவியையும் சலீம் அலி மீண்டும் கண்டறிந்தார்.

1939இல் பேரிடி விழுந்தது. சிறு அறுவைச் சிகிச்சைக்குப் பின் தெஹ்மினா காலமானார். தமக்கை கம்மூவும் அவர் கணவரும் சலீம் அலிக்குத் தங்கள் வீட்டில் இடமளித்து ஆதரித்தனர். துயரத்தைப் பணியில் கரைத்துக்கொண்ட அவர், 1941இல் இந்தியப் பறவைகள் பற்றிய நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். படங்களுடன் எளிய நடையில் அமைந்த அந்நூல் பல்லாயிரவரைப் பறவை நோக்கச் செய்தது. சிறையிலிருந்த ஜவாஹர்லால் நேரு, தம் மகள் இந்திராவுக்கு இந்நூலை அனுப்பி வைத்தார் என்பர். பின்னர் அமெரிக்க அறிஞர் டில்லன் ரிப்ளியுடன் சேர்ந்து, இந்தியா, பாகிஸ்தான் பறவைகளைப் பற்றிய பத்துத் தொகுதிகள் கொண்ட பெருநூலை 1968 முதல் 1974 வரை வெளியிட்டார்.

ஆராய்ச்சிக்காகப் பறவைகளைச் சுட்டுப் பதப்படுத்துவது அக்காலத்து வழக்கம். சலீம் அலியும் அதைச் செய்தார். ஆனால் அந்தத் துப்பாக்கி ஏந்திய கைகளே பின்னர் எண்ணற்ற பறவைகளுக்கு அரணாயின. ராஜஸ்தானின் பரத்பூர்ப் பறவைக் காப்பிடத்துக்காகவும் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்குக்காகவும் அவர் குரல் கொடுத்தார். அணை வரவிருந்த அமைதிப் பள்ளத்தாக்கு 1984இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. நம் தமிழகத்துக் கோடிக்கரையின் சிறப்பை எடுத்துரைத்தவர்களிலும் அவர் முதன்மையானவர். அது 1967இல் சரணாலயமாயிற்று.

புகழும் தானே தேடி வந்தது. 1958இல் பத்மபூஷண், 1976இல் பத்மவிபூஷண் விருதுகள் பெற்றார். பிரிட்டிஷ் பறவையியல் சங்கத்தின் தங்கப் பதக்கத்தை 1967இல் பெற்றார். ஆங்கிலேயர் அல்லாத ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல் முறை. பட்டம் இல்லை என்று ஒருகாலத்தில் வேலை மறுக்கப்பட்டவருக்குப் பல்கலைக்கழகங்கள் டாக்டர் பட்டம் அளித்துத் தம்மைப் பெருமைப்படுத்திக்கொண்டன. 1985இல் மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். அதே ஆண்டு வெளியான தம் வாழ்க்கை வரலாற்றுக்கு, சிறுவயதில் வீழ்த்திய அந்தச் சிட்டை நினைவூட்டும் வகையில் சிட்டின் வீழ்ச்சி என்று பொருள்படும் பெயரையே சூட்டினார். 1987ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள், தொண்ணூறாம் வயதில் பம்பாயில் காலமானார். கோயம்புத்தூரை அடுத்த ஆனைகட்டியில் அவர் பெயரால் 1990இல் ஒரு பறவையியல் ஆராய்ச்சி மையம் நிறுவப்பட்டது.

நாம் செய்யத்தக்கவை

ஒரு சிட்டுக்குருவிகூட வானகத் தந்தையின் பார்வைக்குத் தப்புவதில்லை என்று மறைக்கல்வி வகுப்பில் கற்றிருக்கிறோம். பறவைகளை உடன்பிறப்புகளாகக் கருதிய அசிசி நகர்ப் புனித பிரான்சிசை, 1979இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சுற்றுச்சூழலின் பாதுகாவலராக அறிவித்தார். அப்படியிருக்க, பறவையைக் காப்பது நமக்கு வெறும் பொழுதுபோக்கு ஆகுமா? அது கடமையன்றோ!

இன்று பனைகள் வெட்டப்படுகின்றன. ஆழ்துளைக் கிணறுகள் பெருகப் பழைய கிணறுகள் தூர்ந்து வருகின்றன. கூடு கட்ட மரம் இல்லையேல் குருவி எங்கே போகும்? ஆட்சியர் அனுமதியின்றிப் பனையை வெட்டலாகாது என்று தமிழக அரசு 2021இல் அறிவித்தது. ஆணை இருந்தால் மட்டும் போதாது. நம் கொல்லைப் பனையைக் காக்க நம் வீட்டார் மனம் வைக்க வேண்டும். வரவேற்பறையில் அழகுக்காகத் தொங்கவிடக் கூட்டை அறுத்து வரும் வழக்கத்தையும் ஒழிக்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே முட்டை இருக்கிறதா, குஞ்சு இருக்கிறதா என்று தெரியாது. ஆகவே கூடு கிளையிலேயே இருக்கட்டும்.

நம் அருகில் அரியலூர் மாவட்டத்திலுள்ள கரைவெட்டிப் பறவைகள் சரணாலயம் 2024இல் ராம்சார் ஈரநிலமாக உலக அங்கீகாரம் பெற்றது. வாய்ப்புள்ளோர் சென்று காணலாம். இயலாதோர் வருந்த வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகமும் எழுதுகோலும் எடுத்துக்கொண்டு அருகிலுள்ள கிணற்றங்கரைக்குச் சென்றால் போதும். எத்தனை கூடுகள், எத்தனை முடிந்தவை, எத்தனை பாதியில் நிற்பவை என்று வாரம் ஒருமுறை எழுதி வரலாம்.

தோழியரே! பொதுத் தேர்வு நம்மை எதிர்நோக்கியிருக்கிறது. நன்கு படிப்போம், நல்ல மதிப்பெண் பெறுவோம். ஆனால் மதிப்பெண் குறைந்தவள் எதற்கும் ஆகாதவள் என்று எவரையும் ஒதுக்காதிருப்போம். கணக்குக்கு அஞ்சிய மாணவரே நாட்டின் பறவைகளையெல்லாம் கணக்கெடுத்தார். தூக்கணாங்குருவி தான் பின்னிய கூட்டைப் பெண் குருவி மறுத்துவிட்டால் சோர்ந்து அமர்வதில்லை. மறுபடி ஒரு நாரைத் தேடிப் பறக்கிறது. அதைக் கண்டு உலகுக்குச் சொன்ன சலீம் அலியும் அப்படியே வாழ்ந்தார். நாமும் அவ்வாறே வாழ முயல்வோமாக!